ஏலத்தோட்ட சென்சார் தரவுக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வி இது. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம், கணக்கு வழக்கு பார்க்கும் அலுவலகம் போடியில். தோட்டத்தில் 32 நோடு (சென்சார்கள் உள்ள சின்னப் பெட்டி), காய் உலர்த்தும் இரண்டு ஸ்டோர்களில் 8 நோடு, ஆக 40. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு தடவை 6 அளவுகளை அனுப்புகிறது: வெப்பம், ஈரப்பதம், மண் ஈரம் இரண்டு ஆழத்தில், மழை, பேட்டரி. ஒரு வருடமாக எல்லாம் மைஎஸ்க்யூஎல்லில் ஒரே டேபிளில் விழுகிறது. ஒரு மாத கிராஃப் திறக்க முக்கால் நிமிடம். நேரவரிசைத் தரவுக்கென்றே உள்ள இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு மாறுவதா, டைம்ஸ்கேலா, வேறு ஏதாவதா?

சுருக்கமான பதில்: போடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதன்மேல் டைம்ஸ்கேல்டிபி. மலையில் நோடுகளின் தரவை வாங்கி நெட் வழியே அனுப்பும் கேட்வே பெட்டிக்குள் ஓர் எஸ்க்யூலைட் கோப்பு (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்). ஆனால் இப்போது உள்ள மெதுவுக்கு மைஎஸ்க்யூஎல் காரணமில்லை. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் மாறினால் புதிய இடத்திலும் அதே முக்கால் நிமிடம்தான்.

முதலில் கணக்கு. 40 நோடு, 6 அளவு, நிமிடத்துக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 240 அளவுகள், அதாவது நொடிக்கு 4. எந்த டேட்டாபேஸ் தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்தாலும் நொடிக்கு இத்தனை லட்சம் எழுதுவோம் என்று பெருமை அடித்திருப்பார்கள். உங்கள் நொடிக்கு 4-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதும் வேகத்தை வைத்து நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அளவுக்கு ஒரு வரி என்று எழுதுகிறீர்கள் அல்லவா, அதன்படி வருடத்துக்கு 12 கோடியே 61 லட்சம் வரிகள். அதையே ஒரு நோடுக்கு நிமிடத்துக்கு ஒரு வரி, ஆறு அளவுக்கும் ஆறு பத்தி (காலம்) என்று அகலமாக எழுதினால் 2 கோடியே 10 லட்சம் வரிகள்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரிக்கு உள்ளே என்ன இருந்தாலும் தலைப்புக்கும் சுட்டிக்குமாக 28 பைட் போய்விடும். 4 பைட் அளவைச் சேமிக்க 28 பைட் தண்டம். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையும் சேர்த்துப் பார்த்தால், அளவுக்கு ஒரு வரி என்ற ஒடுங்கிய டேபிள் வருடத்துக்கு 9 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே போகும். அகலமான டேபிள் சுமார் 2 ஜிபி. நோடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் வரை அகலமே நல்லது. நோடுக்கு நோடு சென்சார் வேறுபட்டு, மாதாமாதம் புது வகை சேர்ந்தால் மட்டும் ஒடுங்கிய டேபிளுக்குப் போகலாம்.

அடுத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை எதற்கு? ஸ்டோருக்கு வேண்டும். 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்துக் காயை உலர்த்தும்போது பத்து நிமிடம் சூடு ஏறினாலே பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். மண் ஈரத்துக்கு 15 நிமிடம் தாராளம். தோட்டத்து 32 நோடை 15 நிமிடத்துக்கு மாற்றினால் நாளுக்கு 57,600 வரி என்பது 14,592 ஆகக் குறைகிறது. வருடத்துக்கு 53 லட்சம், சுமார் அரை ஜிபி. பத்து வருடத் தரவும் ஒரு சின்ன எஸ்எஸ்டியின் மூலையில் கிடக்கும், பழையதை அழிக்கும் பேச்சே வேண்டாம். லோரா என்ற தொலைதூர ரேடியோவில் பேசும் நோடின் பேட்டரியும் பல மடங்கு நாள் தாங்கும்.

இப்போது அந்த முக்கால் நிமிடம். இந்த மாதிரி டேபிள்களில் வழக்கமாக இருப்பது இது: முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் பத்தி) தானாக ஏறும் ஓர் எண், நோடு பெயர் எழுத்தாக, அளவும் எழுத்தாக, கடைசியில் வரி வந்து சேர்ந்த நேரம். கேட்கும்போது நேரப் பத்தியின்மேல் தேதியாக மாற்றும் ஃபங்ஷனைப் போட்டு, இன்ன தேதிக்குச் சமமா என்று கேட்பார்கள். பத்தியை ஃபங்ஷனுக்குள் போட்ட உடனே, நேரத்துக்கு இண்டெக்ஸ் இருந்தாலும் அது பயன்படாது. முழு டேபிளையும் வாசிக்கும். தொடக்க நேரத்துக்குச் சமம் அல்லது மேல், முடிவு நேரத்துக்குக் கீழ் என்று கேளுங்கள். நோடை எண்ணாக்கி, நோடும் நேரமும் சேர்ந்ததையே முதன்மைச் சாவியாக வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, வரிகளை முதன்மைச் சாவியின் வரிசையிலேயே வட்டில் அடுக்கும். அதனால் ஒரு நோடின் ஒரு மாதம் பக்கம் பக்கமாகச் சேர்ந்தே இருக்கும், சில எம்பி வாசித்தால் கிராஃப் வந்துவிடும். இன்றைக்கே இதைச் செய்தால் மாறும் அவசரம் பாதி தணியும்.

இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் உண்மையில் பின்தங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அது வரிகளை வந்த வரிசையிலேயே போட்டு வைக்கும். நிமிட அளவில் எழுதும் அகல டேபிளில் 8 கேபி பக்கம் ஒன்றில் சுமார் 120 வரிகள், அதாவது 40 நோடுக்கும் 3 நிமிடத் தரவு. 17-ஆம் நோடின் ஒரு மாதத்தைக் கேட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்களுக்கு வேண்டியது மூன்றே வரி. அந்த மூன்றுக்காக மாதத்தின் 14,400 பக்கங்களையும், சுமார் 115 எம்பி, தொட்டாக வேண்டும். இண்டெக்ஸ் எந்த வரி எங்கே என்று சொல்லும்; சிதறிக் கிடப்பதைக் கூட்டி வைக்காது.

டைம்ஸ்கேல்டிபிக்கு இங்கேதான் வேலை. 2017-இல் வந்த இது போஸ்ட்கிரெஸ்ஸின் நீட்சி. டேபிளைக் காலத்தின்படி துண்டுகளாக வெட்டும். இயல்பாக ஒரு துண்டு 7 நாள். பழைய துண்டுகளை அழுத்தும்போது நோடு வாரியாகப் பிரித்து, நேர வரிசையில் 1,000 வரி வரை ஒரே கட்டாகக் கட்டி, பத்தி பத்தியாகச் சுருக்கும். மெதுவாக மாறும் மண் ஈரம் போன்ற எண்கள் பத்தில் ஒன்றாகச் சுருங்குவது சாதாரணம். 17-ஆம் நோடைக் கேட்டால் அதன் கட்டுகளை மட்டும் திறக்கும். கட்டு 1,000 வரி என்பதால் துண்டை அதிகம் சின்னதாக வெட்டிவிடாதீர்கள். 15 நிமிட நோடுக்கு ஒரு நாள் துண்டு வைத்தால் கட்டில் 96 வரிதான் இருக்கும், சுருக்கமும் வராது, வருடத்துக்கு 365 துண்டுகள் சேர்ந்து வினவல் திட்டமிடவே நேரம் எடுக்கும். உங்களுக்கு ஒரு மாதத் துண்டு பொருந்தும். ஒரு மாதத்தில் 15 நிமிட நோடுக்கு 2,880 வரி, மூன்று கட்டு.

நிறுவும்போது கவனிக்க ஒன்று: சுருக்கமும், மணி, நாள் வாரியாகக் கூட்டி வைத்து தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தொகுப்பு வியூவும் டைம்ஸ்கேலின் சொந்த உரிமத்தில் வருபவை. சொந்த உபயோகத்துக்குக் காசில்லை, மற்றவருக்கு டேட்டாபேஸ் சேவையாக விற்கத்தான் தடை. ஆனால் அப்பாச்சி உரிமப் பகுதி மட்டும் உள்ள பேக்கேஜை நிறுவிவிட்டால் இந்த இரண்டும் இருக்காது. அந்த நிறுவனம் 2025-இல் டைகர்டேட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இன்ஃப்ளக்ஸ்டிபியை ஏன் முதலில் சொல்லவில்லை? கெட்ட சாமான் என்பதால் இல்லை. நிறுவிய பத்தாவது நிமிடத்தில் கிராஃப் காட்டும் கிராஃபானாவில் கோடு வரும். ஒரே டேக் (எந்த நோடு என்பது போன்ற அடையாளம்), ஒரே நேரம் உள்ள புள்ளி மறுபடி வந்தால் மேலெழுதிக்கொள்ளும், இரட்டிப்புத் தொல்லை இல்லை. என் தயக்கம் வேறு. முதல் பதிப்பில் ஒரு வினவல் மொழி. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃப்ளக்ஸ் என்ற புது மொழியைக் கொண்டுவந்தது. 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பு உள்ளமைப்பையே மாற்றி எஸ்க்யூஎல்லுக்குத் திரும்பிவிட்டது, ஃப்ளக்ஸ் கைவிடப்பட்டது. இரண்டாம் பதிப்பில் ஃப்ளக்ஸில் எழுதியவர்கள் எல்லாம் திரும்ப எழுத வேண்டும். மூன்றாம் பதிப்பின் இலவச கோர், அண்மைக்காலத் தரவை மனதில் வைத்துச் செய்தது. மூன்று வருட மழையை ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படும் தோட்டத்துக்கு அது இடம் அல்ல. முதல் இரண்டு பதிப்புகளில் இன்னொரு குழி: டேக்கின் ஒவ்வொரு புது மதிப்பும் ஒரு புது சீரிஸ், அதாவது தனித் தொடர். பாக்கெட் எண்ணையோ சிக்னல் அளவையோ தெரியாமல் டேக்காகப் போட்டால், சில வாரத்தில் நினைவகம் நிரம்பி சர்வர் விழும். டேக்கில் நோடு எண் மட்டும், மற்றதெல்லாம் ஃபீல்டு (சாதாரண மதிப்பு).

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ப்ரோமிதியஸ் தானே போய் நோடைக் கேட்டு வாங்கும் முறை. இணைப்பு அறுந்த ஆறு மணி நேரத்தை அது பின்னால் போய்க் கேட்காது, இயல்பு அமைப்பில் 15 நாள் தரவுதான் வைத்திருக்கும். சர்வரைக் கண்காணிக்க அருமை, ஏலத்தோட்டத்துக்கு இல்லை. விக்டோரியாமெட்ரிக்ஸ் தாமதத் தரவை ஏற்கும், வட்டைக் குறைவாகத் தின்னும்; கிராஃப் மட்டும் போதும் என்றால் நல்ல தேர்வு. ஆனால் இயல்பு வைப்புக் காலம் ஒரு மாதம்தான். அதை மாற்றாமல் ஓடவிட்டவர்கள் ஆடி மாத மழையைத் தேடும்போதுதான் அது போய்விட்டது தெரியும். கிளிக்ஹவுஸ் கோடிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் கூட்டும், ஆனால் ஒரு தடவைக்கு ஆயிரம் வரிக்குக் குறையாமல் எழுதச் சொல்லும். ஒவ்வொரு வரியாக நுழைத்தால் துண்டுகள் மலிந்து எழுதவே மறுக்கும். 4,000 நோடு வரும்போது அதைப் பற்றிப் பேசலாம். மேகச் சேவை வேண்டுமென்றால், முழுத் தரவையும் வெளியே எடுக்கும் வழியை முதல் நாளே சோதித்துப் பாருங்கள். சென்சார் கருவிகளுக்கான கூகுளின் மேகச் சேவை ஐஓடி கோர் 2023 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. பெரிய பெயர் என்பதால் நீடிக்கும் என்று இல்லை.

போஸ்ட்கிரெஸ் பக்கம் நான் சாய்வதற்கு உண்மையான காரணம் வேறொன்று. உங்கள் கேள்விகள் நேரத்தோடு நிற்காது. எந்தப் பிளாக், எந்த நோடு அங்கே எப்போது முதல் இருக்கிறது, எந்த எடுப்பில் எத்தனை கிலோ பச்சைக்காய், உலர்ந்து எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை: இதெல்லாம் சாதாரண டேபிள்கள், சென்சார் தரவோடு இணைத்துப் பார்க்க வேண்டியவை. அது ஒரே இடத்தில், ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்த எஸ்க்யூஎல்லில் நடக்க வேண்டும். சிஸ்டம் போட்ட பையன் வேலை மாறிப் போனாலும் அடுத்தவன் வந்து பார்க்கலாம்.

நோடு வேறு, இடம் வேறு என்று பிரித்து வையுங்கள். 17-ஆம் நோடை மேல் பிளாக்கிலிருந்து பிடுங்கி ஓடைப் பக்கம் நட்டால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எங்கே என்று ஒரு தனி டேபிளில் இருக்க வேண்டும். மண் ஈரத்துக்குச் சதவீதத்தை மட்டும் சேமிக்காதீர்கள். சென்சார் கொடுத்த கச்சா எண்ணைச் சேமித்து, அளவுதிருத்தத்தை இன்னொரு டேபிளில் தேதியோடு வையுங்கள். திருத்தம் தவறு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் கச்சா எண்ணிலிருந்து திரும்பக் கணக்கிடலாம். சதவீதம் மட்டும் இருந்தால் போனது போனதுதான்.

இனி மலைக்கு ஏறுவோம். இந்தக் கேள்வியில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது, டேட்டாபேஸின் பெயரில் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கரண்ட்டும் போகும், நெட்டும் போகும். தரவு மணிக்கணக்கில் தாமதமாக வரும். வந்து சேர்ந்த நேரத்தை அளந்த நேரமாக வைத்தால், ஆறு மணி நேரம் கோடே இல்லாமல் இருந்து, பிறகு ஒரே நிமிடத்தில் 360 புள்ளிகள் செங்குத்தாக நிற்கும். அளந்த நேரம், வந்த நேரம் இரண்டுக்கும் தனிப் பத்தி வையுங்கள். கிராஃப் அளந்த நேரத்தில். கோளாறு தேட வந்த நேரம்.

அளந்த நேரம் சரியாக இருக்க கேட்வேயின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், மணிக்கொரு தடவை குறித்து வைத்த பழைய நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். 2.50-க்குக் கரண்ட் போய் 5.10-க்கு வந்தால், பெட்டி 2.17 என்று நினைத்துக்கொண்டு எழுதும். நெட் வந்து நேரம் திருந்தும் வரை எழுதியதெல்லாம், ஏற்கனவே எழுதப்பட்ட 2.17 முதல் 2.50 வரையிலான உண்மை அளவுகளின்மேல் போய் உட்காரும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்துங்கள். சாதாரண வெப்பத்தில் வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் பிசகும். சர்வர் பக்கமும் ஒரு காவல் வையுங்கள்: இப்போதைய நேரத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாண்டி எதிர்காலத்தில் இருப்பதும், தோட்டத்தில் நோடு நட்ட நாளுக்கு முந்தையதும் பிரதான டேபிளுக்குள் போகாமல் தனி டேபிளில் விழட்டும். 1970 ஜனவரி 1 என்று வரும் வரிகள் அங்கே சேரும்.

கேட்வேக்குள் எஸ்க்யூலைட்டை WAL முறையில் (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை) வையுங்கள். வந்த பாக்கெட்டை முதலில் அதில் எழுதி, பிறகு 500 வரி 500 வரியாகப் போடிக்கு அனுப்பி, அங்கே கமிட் ஆனது (நிரந்தரமாகப் பதிந்தது) என்று பதில் வந்த பிறகுதான் அனுப்பியாயிற்று என்று குறியிட வேண்டும். அனுப்பியதையும் 30 நாள் அழிக்காமல் வையுங்கள். மெமரி கார்டில் எழுதாதீர்கள். சின்னச் சின்னதாக எழுதியும், எழுதும்போது கரண்ட் போயும் கார்டு சாகும். யூஎஸ்பி எஸ்எஸ்டி போதும்.

நோடுகளின் செய்திகளை வாங்கி விநியோகிக்கும் எம்க்யூடிடி புரோக்கரே சேர்த்து வைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். அப்படியொரு புரோக்கரான மொஸ்கிட்டோவின் இரண்டாம் பதிப்பில், இணைப்பில் இல்லாத ஒரு வாங்குநருக்கு இயல்பாக 1,000 செய்திதான் வரிசையில் நிற்கும். நிமிடத்துக்கு 40 செய்தி என்றால் 25 நிமிடம். அதற்குப் பிறகு வருவதை அது கீழே போட்டுவிடும்; கிராஃபில் ஓட்டை விழுந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். அந்த எண்ணைக் கூட்டலாம், ஆனால் வரிசை நினைவகத்தில் இருப்பது, வட்டில் பதிவது இயல்பாக அரை மணிக்கு ஒரு தடவை. கரண்ட் போகும் இடத்தில் அதை நம்பிக் கிடங்கு வைக்க முடியாது.

பதில் வரும் வழியில் நெட் அறுந்தால் கேட்வே அதே 500 வரியை மறுபடி அனுப்பும். அதனால் போடியில் நோடும் நேரமும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும். ஏற்கனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே என்ற விதியோடு எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் அது ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங். சுருக்கத்தை 14 நாளுக்குப் பிறகு வையுங்கள், தாமத வரிகள் சுருக்காத துண்டிலேயே விழும். தொகுப்பு வியூ எத்தனை நாள் பின்னோக்கிப் புதுப்பிக்கும் என்பதையும் தாமதத்தை விட அகலமாக, 10 நாள் போல, வையுங்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால், ஆறு மணி தாமதமாக வந்த மழை கச்சா டேபிளில் இருக்கும், தினசரி அறிக்கையில் இருக்காது. பின்னாளில் பழைய கச்சா தரவை அழிக்கும் விதி போட்டால், அந்த எல்லை புதுப்பிக்கும் காலத்துக்கு அப்பால் இருக்கட்டும். இல்லையென்றால் கச்சா இல்லாததைப் பார்த்துத் தொகுப்பையும் காலி செய்துவிடும்.

மழைக்குத் தனி ஞானம் வேண்டும். சாய்வாளி மழைமானி ஒரு சாய்வுக்கு 0.2 மிமீ என்று எண்ணுகிறது. இந்த நிமிடத்தில் எத்தனை சாய்வு என்று அனுப்பினால் பாக்கெட் தொலையும்போது மழையும் தொலையும். நட்ட நாள் முதல் மொத்தம் எத்தனை என்று ஏறுமுக எண்ணை அனுப்புங்கள். இடையில் பத்து பாக்கெட் போனாலும் பதினொன்றாவதில் கணக்கு நேராகும். எண் திடீரென்று குறைந்தால் நோடு ரீசெட் ஆயிற்று என்று பொருள், அங்கே மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நேரத்தை யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) சேமியுங்கள். ஆனால் தினசரித் தொகுப்பை அப்படியே விட்டால் நாள் காலை 5.30-க்குத் தொடங்கும். மழைக்கு நள்ளிரவும் சரியில்லை: இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. அது யூடிசியில் 3.00 மணி, எனவே மழைத் தொகுப்பை மட்டும் 3 மணி நேரம் தள்ளி வெட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண் பக்கத்து மானியோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

ஸ்டோரில் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் வைத்திருந்தால் இரண்டு எண்களுக்குக் கண்ணை வையுங்கள். 85 டிகிரி என்பது சென்சார் மின்சாரம் பெற்றும் இன்னும் அளக்காத நிலையின் எண். மைனஸ் 127 என்பது வயர் விட்டுப்போனால் பரவலான ஆர்டுயினோ நூலகம் தரும் எண். 50 டிகிரி அறையில் மைனஸ் 127 யாருக்கும் பொய் என்று தெரியும். 85 அப்படி இல்லை, நள்ளிரவில் அடுப்புக்காரரை ஓடவைக்கும். அதை வெற்று மதிப்பு (NULL) ஆக்குங்கள், கச்சா எண்ணையும் தரக்குறியையும் (அந்த அளவை நம்பலாமா என்ற குறி) தனியே வையுங்கள். மணிநேரத் தொகுப்பில் சராசரியோடு உச்சமும் நீசமும் எண்ணிக்கையும் கட்டாயம். பத்து நிமிடம் 62-க்குப் போய் வந்ததைச் சராசரி 52 என்று மூடிவிடும். சைரன் அடிக்கும் வேலையை எந்த டேட்டாபேஸிடமும் கொடுக்காதீர்கள். அது ஸ்டோருக்குள், கேட்வேயிலேயே நடக்க வேண்டும். நெட் அறுந்த இரவில்தான் அது தேவைப்படும்.

மாறும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். புது டேபிள்களைப் போடியில் 4 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள ஒரு மினி பிசியில் அமைத்து, கேட்வே இரண்டு வாரம் இரண்டு பக்கமும் எழுதட்டும். பழைய மைஎஸ்க்யூஎல் தரவை மாதம் மாதமாகச் சிஎஸ்வியில் எடுத்து, ஆறு வரியை ஒரு வரியாக மடித்து ஏற்றுங்கள். அதில் இருப்பது வந்த நேரம் என்பதால் தரக்குறியில் அதைக் குறித்துவிடுங்கள். தினமும் ஒரு டம்ப் (முழு டேட்டாபேஸின் நகல்), வேறு வட்டுக்கு. மாதம் ஒரு தடவை அந்த டம்பை இன்னொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள்.

பழையதை நிறுத்துவதற்கு முன் ஒரு சோதனை. கேட்வேயின் நெட் கேபிளை இரண்டு மணி நேரம் பிடுங்கி வையுங்கள். அதன் நடுவே கரண்ட் பிளக்கையும் ஒரு தடவை பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். பிறகு நெட்டைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஸ்டோர் நோடு ஒவ்வொன்றுக்கும் போடியில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 115-க்கு ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் சரி. 120-க்கு மேல் இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். 115-ஐ விட வெகுவாகக் குறைந்திருந்தால், தரவு இன்னும் எஸ்க்யூலைட் வழியாக வரவில்லை, புரோக்கரின் வரிசையிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள்.